தோல் பின்னலுக்கு ஒரே சீரான வார்: எந்தக் கருவிக்குக் காசு கொடுக்கலாம்?

பின்னல் வாருக்கென்று விற்கும் கருவிகளில் பெரும்பாலானவை அகலத்தை மட்டும் பார்த்துக்கொள்பவை. வார் சீராக வருவதற்கு அகலம் மூன்றில் ஒரு பங்குதான். தடிமனும் இழுவையும் (இழுத்தால் வார் எவ்வளவு நீளும் என்பது) சரியாக இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கட்டரும் உதவாது. இங்கே ஒவ்வொரு கருவியையும் அந்தக் கண்ணோடுதான் எடை போட்டிருக்கிறோம்.

முதலில், எவ்வளவு துல்லியம் தேவை? 6 மிமீ விட்டமுள்ள உட்கயிற்றின் மேல் 8 வார்களை 45 பாகைச் சாய்வில் பின்னுவதாக வைத்துக்கொள்வோம். தோலின் தடிமன் 0.8 மிமீ. உட்கயிற்றின் விட்டத்தோடு தடிமனை இரு மடங்காக்கிக் கூட்டினால் 7.6, அதை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறக்குறைய 23.9 மிமீ. வார்களின் எண்ணிக்கையில் பாதியை 1.41ஆல் பெருக்கி, சுற்றளவை அதனால் வகுத்தால் ஒரு வாரின் அகலம் கிடைக்கும்: சுமார் 4.2 மிமீ. எட்டு வாரும் 0.2 மிமீ மட்டும் குறைந்துபோனால் சுற்றளவில் 1 மிமீக்கு மேல் இடைவெளி விழுந்து, உட்கயிறு வெளியே தெரியும். கூடிப்போனால் வார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆக, 0.1 மிமீக்குள் நிற்கும் கருவிதான் நமக்கு வேண்டும். ஸ்கேலை ஒதுக்கி வைத்துவிட்டு வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள்.

மரத்தாலான ஸ்ட்ராப் கட்டர் எல்லோரும் முதலில் வாங்குவது. இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே தோல் நுழையும், பக்கவாட்டில் ஒரு மெல்லிய பிளேடு. 10 செமீ வரை வெட்டும், விலையும் குறைவு. 10 மிமீக்கு மேற்பட்ட பட்டைகளுக்கு இதைவிட வேறெதுவும் தேவையில்லை. பின்னல் வாருக்கு முதல் வெட்டு, அதாவது தேவைக்குச் சற்று அகலமாக வெட்டிக்கொள்ளும் வெட்டு, அதற்கும் நன்றாகவே உதவும். கடைசி அளவுக்கு இதை நம்ப வேண்டாம். மேல் சட்டத்தின் திருகுகளைத் தோலின் தடிமனுக்கு ஏற்ப இறுக்காவிட்டால் தோல் உள்ளே மேலும் கீழும் ஆடும். வெட்டு விளிம்பு சரிந்து வரும். இரண்டு சட்டங்களும் இணையாக இல்லாவிட்டாலும் அதே கதி. மேலே பதித்திருக்கும் அளவுக்கோட்டை வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள். ஒரு துண்டை 10 செமீ வெட்டி, தளர்வாக வைத்து அளந்து, பிறகு திருத்துவதே சரி.

கைப்பிடியில் அளவுக்கம்பி பொருத்திய டிரா கேஜ், தடித்த பெல்ட் தோலுக்கு அருமையான கருவி. மெல்லிய தோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்க அதில் எதுவும் இல்லாததால், 1 மிமீ தோல் பிளேடின் முன்னால் மடிந்துகொள்ளும். பின்னல்காரர்கள் தாண்டிப்போகலாம்.

ஆஸ்திரேலியன் ஸ்ட்ராண்டர் என்று விற்கும் சிறிய கைக்கருவிதான் இந்த வேலைக்கென்றே பிறந்தது. உள்ளங்கையில் அடங்கும், இஞ்செக்டர் வகை சவரப் பிளேடு, பக்கத்தில் நகரும் தடுப்பு. தோலின் விளிம்பைத் தடுப்போடு ஒட்டிவைத்து இழுத்தால் வார் உரிந்து வந்துகொண்டே இருக்கும். 3 மிமீயிலும் நன்றாக நிற்கிறது. அதற்குக் கீழே போனால் பிரச்சினை தொடங்கும். வார் மெலிந்து இழுவையில் நீள்வதால், வெட்டும் நேரத்தில் இருக்கும் அகலம் ஒன்று, விட்ட பிறகு இருக்கும் அகலம் இன்னொன்று. பிளேடும் மிக மெல்லியது என்பதால், கை சற்றுத் திரும்பினாலே வளைந்துகொள்ளும். வெட்டி வரும் வாரை இழுக்கும் திசையும் தடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இழுவையை நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு சிறு படி விழும், பின்னலில் அது அப்படியே காட்டிக்கொடுக்கும். விளிம்பில் பிசிறு தெரிந்தாலோ, இழுக்கக் கூடுதல் பலம் தேவைப்பட்டாலோ பிளேடை மாற்றுங்கள். புதுப் பிளேடையும் பச்சை குரோமியம் ஆக்சைடு பூசிய தோல்பட்டையில் நாலு இழு இழுத்துவிட்டு மாட்டினால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இதைவிட ஒரு படி மேலே சொல்லத்தக்கது, விலைக்கு வாங்க வேண்டாத ஒன்று. கெட்டியான மரக்கட்டையில் அல்லது நைலான் துண்டில் தேவையான அகலத்துக்கு ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் திருகால் பிடித்த சர்ஜிக்கல் பிளேடு. அளவை மாற்ற முடியாது என்பது இதன் குறை. அளவு தானாக மாறாது என்பது இதன் பெருமை. 4.2 மிமீக்கு ஒன்று, 3 மிமீக்கு ஒன்று என்று இரண்டு மூன்று கட்டைகள் இருந்தால் நகரும் தடுப்புள்ள கருவிகளைவிட நம்பகமாக வேலை நடக்கும்.

நீளமான வாருக்கு வட்டத்தோலைச் சுற்றிச் சுற்றி வெட்டுவதே வழி. 20 செமீ விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 314 சதுர செமீ; 5 மிமீ அகலத்தில் வெட்டினால் கணக்குப்படி 6.28 மீட்டர். நடுவில் 3, 4 செமீ விட்டத்தை விட்டுவிட வேண்டும். அங்கே சுருள் மிக இறுகி, நேராக்கினாலும் வார் முறுக்கிக்கொள்ளும். இந்த முறையின் உண்மையான ஆபத்து வேறு: ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தைய சுற்றின் விளிம்புதான் வழிகாட்டி. தொடக்க வட்டத்தில் ஒரு சிறு மேடு இருந்தால் அது எல்லாச் சுற்றிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். கருவியைக் குறை சொல்வதற்கு முன் வட்டத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சதுரத் துண்டானால் மூலைகளை நன்றாக உருட்டி வெட்டிய பிறகே தொடங்க வேண்டும்.

வெட்டிய கையோடு பின்ன உட்காருவதுதான் பெரும்பாலான வார்களைக் கெடுக்கிறது. விலங்கின் முதுகுப்பக்கத் தோல் குறைவாக நீளும், வயிற்றுப்பக்கம் அதிகம் நீளும். வட்டமாக வெட்டிய வாரில் இரண்டும் மாறி மாறி வரும். கங்காரு தோலில் நார்கள் மேற்பரப்புக்கு இணையாக ஓடுவதால், மெல்லியதாக இருந்தும் அறுவதில்லை. சாட்டை பின்னுபவர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் அதுதான். ஆனால் அதுவும் இழுக்காமல் விட்டால் பின்னும்போதுதான் நீளும். எனவே அரை மிமீ முதல் 1 மிமீ வரை கூடுதல் அகலத்தில் வெட்டி, லேசாக ஈரப்படுத்தி, வழவழப்பான கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிச் சீராக இழுத்து, இழுத்த நிலையிலேயே காயவிட வேண்டும். 10 சதவீதம் நீண்டால் 5 மிமீ வார் கிட்டத்தட்ட 4.8 மிமீ ஆகிவிடும். எங்கே எவ்வளவு மெலிந்தது என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால்தான் கடைசி அளவு வெட்டு இதற்குப் பிறகு வர வேண்டும். வரிசை இதுதான்: அகலமாக வெட்டு, இழு, தடிமனைச் சமமாக்கு, அளவுக்கு வெட்டு, ஓரம் சீவு.

காசைச் செலவிட வேண்டிய இடம் ஸ்ப்ளிட்டர், அதாவது வாரின் தடிமனைச் சீவிச் சமமாக்கும் கருவி. நிலையான பிளேடும் அதன் கீழ் ஓர் உருளையும் உள்ள, இழுத்துச் சீவும் சிறிய வகையே போதும். தோலின் வழவழப்பான மேல்முகம் உருளையைத் தொட, சதைப்புறம், அதாவது உட்புறம், பிளேடில் சீவப்படும். வாங்கும்போது ஒரே ஒரு சோதனை: 10 மிமீ அகலத் துண்டு ஒன்றை இழுத்து, இரண்டு ஓரத்தின் தடிமனையும் அளந்து பாருங்கள். 0.05 மிமீக்கு மேல் வேறுபட்டால் பிளேடும் உருளையும் இணையாக இல்லை. திருத்தத் திருகு இல்லாத கருவியானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே இழுப்பில் 0.2 மிமீக்கு மேல் எடுக்காதீர்கள். ஆழமாகப் பிடித்தால் பிளேடு உள்ளே முங்கி வாரையே அறுத்துவிடும். குறுகிய வார் பிளேடின் ஒரு பக்கமாக நழுவும் பழக்கமுள்ளது. இருபக்கமும் தடுப்பு இருந்தால்தான் நேராகப் போகும்.

பெவலர், அதாவது சதைப்புற ஓரங்கள் இரண்டையும் 45 பாகையில் சீவும் கருவி, இல்லாமலும் பின்னலாம். ஆனால் பின்னல் இறுகி உட்காருவதும், மேலே உருட்டினால் வழவழப்பாக வருவதும் அந்தச் சீவலால்தான். இரண்டு பிளேடுகள் எதிரெதிராக நிற்கும் வகை ஒரே இழுப்பில் வேலையை முடிக்கும். வார் ஓடும் பள்ளம் வாரைவிட 0.2 மிமீக்கு மேல் அகலமாக இருந்தால் வார் ஆடி, ஓர் ஓரம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சீவப்படும். தடிமனில் பாதிவரை சீவினால் போதும். மேல்முகம் வரை போனால் விளிம்பு காகிதம்போல் மெலிந்து, இறுக்கும்போது அலைஅலையாக நெளிந்து கிழியும்.

தயார் நிலையில் 50 மீட்டர் சுருளாக வரும் கங்காரு வாரைப் பொறுத்தவரை, சிறு வேலைகளுக்கு அது மோசமில்லை. சுருளுக்குள் ஒட்டுப்போட்ட இடங்கள் இருக்கும். வாங்கியதும் முழுவதையும் விரலுக்கிடையே ஓடவிட்டு, ஒட்டுகளை அடையாளமிட்டு, அந்த இடத்தில் வெட்டி நீளங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பின்னி முடியும் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு வார் வேண்டும் என்ற கணக்கில், எந்தத் துண்டு எதற்கு ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிடும். ஓரம் சீவாமல் வரும் சுருளை மட்டும் தவிர்த்துவிடலாம்; சீவிய சுருளோடு ஒப்பிட்டால் அதில் மிச்சப்படும் காசு பெவலர் வாங்கும் செலவிலேயே போய்விடும்.