கரையிலிருந்து ஸ்கூபா: பவர் மாஸ்க்கா, கான்டாக்ட் லென்ஸா?

படகிலிருந்து குதிப்பவர் கண்ணாடியைக் கழற்றி வைத்த அடுத்த நிமிடம் தண்ணீரில் இருப்பார். கரையிலிருந்து இறங்குபவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு வழுக்குப் பாறையில் கால் வைக்க வேண்டும், எந்த அலை ஓய்ந்ததும் இறங்கலாம் என்று பார்க்க வேண்டும், திரும்பும்போது ஏறும் இடத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். கண்ணில் பவர் உள்ளவர் எதைப் போட்டுக்கொண்டு இறங்கலாம் என்ற இந்த அலசலை, இறங்கி ஏறும் அந்தப் பத்து நிமிடத்தை மனதில் வைத்துத்தான் செய்கிறேன்.

மூக்குக்கண்ணாடியை மாஸ்க்குக்குள் போட வழியில்லை. காதுக்குப் போகும் கம்பி சிலிகான் விளிம்பைத் தூக்கிவிடும், தண்ணீர் கசியும்.

சரி, ஒன்றுமே போடாமல் இறங்கினால்? மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது, பொருள் அதன் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதுபோலத் தெரியும். மைனஸ் 1 உள்ளவருக்கு வெளியே 1 மீட்டர் வரை தெளிவு என்றால், கடலுக்குள் சுமார் 1.3 மீட்டர். பலர் இதிலேயே சமாளிக்கிறார்கள். மைனஸ் 4 என்றால் 25 செ.மீ. என்பது 33 செ.மீ. ஆகும், அவ்வளவுதான், கூட வருபவரின் கைச்சைகை புரியாது. வெள்ளெழுத்து உள்ளவருக்கோ இதே விஷயம் எதிராகத் திரும்புகிறது. 40 செ.மீ. தள்ளிப் பிடித்த பிரஷர் கேஜ் (மீதிக் காற்றைக் காட்டும் மீட்டர்) கண்ணுக்கு 30 செ.மீ.யில் வந்து நிற்கும், எண்கள் கலங்கும்.

பவர் மாஸ்க் என்பது கண்ணாடியிலேயே உங்கள் பவர் உள்ள மாஸ்க். அதன் பெரிய பலம், வெளிப்பக்கம் தட்டையாக இருப்பது. பவர் உள்பக்க வளைவில் இருப்பதால் காற்றிலும் நீரிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். அதனால் நீர் விளிம்பிலேயே மாஸ்க்கை மாட்டிவிடுவேன். பாறை இடுக்கில் நுரை எப்படி உள்ளே இழுபடுகிறது என்பதுவரை தெரியும். திரும்பி வரும்போதும் அப்படியே, காலுக்கடியில் கெட்டித் தரை வரும்வரை கழற்றுவதில்லை. ரெடிமேட் லென்ஸ்கள் அரை அரை பவராகக் கிடைக்கும், ஆனால் சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இருக்காது. சிலிண்டர் கொஞ்சம்தான் என்றால் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளலாம்: மைனஸ் 3, சிலிண்டர் மைனஸ் 1 என்றால் மைனஸ் 3.5. அதிகமென்றால் உங்கள் பவருக்கே லென்ஸ் செய்து மாஸ்க் கண்ணாடியில் ஒட்டித் தருவார்கள்.

குறை என்னவென்றால், அலை மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டால் பார்வையும் அதோடு போய்விடும். அதனால் அலையைக் கடக்கும்வரை ரெகுலேட்டர் (மூச்சு விடும் கருவி) வாயிலும் ஒரு உள்ளங்கை மாஸ்க்கின் மேலும் இருக்கட்டும்.

அந்த இடத்தில் கான்டாக்ட் லென்ஸ் ஜெயிக்கிறது. மாஸ்க் போனாலும் தண்ணீருக்கு மேலே வந்ததும் கரை தெளிவாகத் தெரியும். சிலிண்டர் பவருக்கும் லென்ஸ் உண்டு. வாடகை மாஸ்க் எதுவானாலும் கவலையில்லை. ஆனால் மாஸ்க்கில் தண்ணீர் புகும்போது கண்ணைத் திறந்து வைத்தால் லென்ஸ் மிதந்து போய்விடலாம். அதைவிட எனக்குப் பயம் தருவது கிருமி. அகந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே தங்கிவிட்டால் பார்வையையே பாதிக்கும் தொற்று வரலாம். ஒருநாள் லென்ஸ் மட்டும் போடுங்கள், டைவ் முடிந்ததும் எறிந்துவிடுங்கள். கரையில் இன்னொரு சிக்கல் மணல். லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வாருங்கள், கழற்றுமுன் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழைய கடின லென்ஸ் வேண்டாம். மேலே வரும்போது அதற்கடியில் குமிழி சிக்கிப் பார்வை மங்கும்.

வெள்ளெழுத்து மட்டும்தான் பிரச்சினை என்றால் மாஸ்க்கின் கீழ்ப்பகுதியில் உள்பக்கமாக ஒட்டும் சிறிய ரீடிங் லென்ஸ் போதும்.

என் தேர்வு பவர் மாஸ்க். சிலிண்டர் பவர் அதிகம், டைவ் செய்வதோ எப்போதாவது என்றால் ஒருநாள் லென்ஸ். பவர் மிக அதிகமுள்ளவர்கள் இரண்டாவது பவர் மாஸ்க் ஒன்றைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அப்புறம், அந்த மூக்குக்கண்ணாடி: கெட்டியான பெட்டியில் போட்டு, கரையில் காத்திருப்பவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள். துண்டுக்கடியில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து அதைத் தேடவும் கண்ணாடி வேண்டியிருக்கும்.