சுங்கை சிப்புட் பூக்காரம்மா கடையின் கென்யா ரோஜா: பூவுக்கு நாலரை நட்சத்திரம், பதிலுக்கு ரெண்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பாசாருக்கு (சந்தைக்கு) பின்வரிசையில் இருக்கும் அந்தப் பூக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "பூக்காரம்மா கடை எங்கே" என்று கேட்டால் ஊரில் யாரும் கை காட்டுவார்கள். அம்மா முன்னால் உட்கார்ந்து மாலை கட்டுகிறார். மகன் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி வாங்கிவைத்து வெளிநாட்டு ரோஜாவும் விற்கிறார். நான் கல்யாண மேடை அலங்காரம் செய்து பிழைக்கிறவள். வெள்ளைக்கும் பீச் நிறத்துக்கும் ஈப்போவுக்கு ஓடிய அலைச்சல் இந்தக் கடையால் நின்றது. அதனால்தான் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

கென்யா ரோஜா 20 தண்டு ஒரு கட்டு, 65 வெள்ளி (ரிங்கிட்). கேமரன் மலை ரோஜா 10 தண்டு 18 வெள்ளி. தண்டுக்குத் தண்டு கணக்குப் பார்த்தால் கென்யா விலை கூடத்தான், ஆனால் மேடைக்கு அது தாங்கும். மொட்டு இறுகலாக வரும், தண்டு நேராக நிற்கும், 50 சென்டிமீட்டர் என்றால் 50 சென்டிமீட்டர்தான். ஏர்கோன் இல்லாத மண்டபத்தில் சாயங்காலம் வைத்த பூ மறுநாள் தாலி கட்டும்வரை தலை தொங்கவில்லை. கேமரன் ரோஜாவுக்கு வாசம் உண்டு, கென்யாவுக்குச் சுத்தமாக இல்லை. மாப்பிள்ளை மாலைக்கு அதனால் இதை வாங்காதீர்கள், மேடைக்கு மட்டும் வாங்குங்கள். வெளியிதழ் இரண்டு மூன்று கறுத்தும் கசங்கியும் இருக்கும், அது பயணத்தில் பூவைக் காப்பதற்காக விட்டுவைத்தது. பிய்த்துப் போட்டுவிட்டுத் தண்டைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் வையுங்கள். உள்ளிதழில் சாம்பல் புள்ளி இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள். தம்பி மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார், அதற்கே ஒரு நட்சத்திரம்.

கட்டைச் சுற்றி அட்டையும் பிளாஸ்டிக் உறையும் வரும். ஒரு கட்டின் உறையில், தண்டின் அடிப்பக்கம், விரல்நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் ஒரு எண், வேறொன்றும் இல்லை. விலைச் சீட்டா என்று தம்பியிடம் கேட்டேன்.

"இல்லக்கா, அது கட்டு கட்டுனவங்க நம்பரு. மொட்டு உடைஞ்சிருந்தாலோ நீளம் மாறியிருந்தாலோ யாரு கட்டுனதுன்னு அங்க பாத்துடுவாங்களாம். நமக்குச் சரக்கு அனுப்புற கேஎல் தவுக்கே சொன்னாரு."

"எந்தப் பண்ணைன்னு போட்டிருக்கா?"

"அது தெரியாதுக்கா. கென்யான்னு மட்டும்தான் பில்லுல இருக்கு."

தோட்டத்தில் பிறந்த எனக்கு இந்த நம்பர் சங்கதி புதிதில்லை. செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டில் என் அம்மாவுக்கும் ஒரு நம்பர் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் கிராணிக்கு (தோட்டக் கணக்கருக்கு) அந்த நம்பர் உடனே கண்ணில் படும். அம்மாவின் நகம் ஒவ்வொன்றாகக் கறுத்து விழுந்தபோது மட்டும் அது யார் கண்ணிலும் படவில்லை. அம்மா வெளிக்காட்டு வேலையில் மருந்தடித்தவர். முதுகில் பம்பு, பம்புக்குள் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. 2002-இல் அதைத் தடை செய்யப் போகிறோம் என்றார்கள், 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1-இல்தான் ஒருவழியாக நின்றது. பூக்கடை விமர்சனத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிப் போகலாம், பார்க்கிங் விவரம் கடைசியில் இருக்கிறது.

கென்யா ரோஜாவுக்குப் பேர்போன இடம் நைவாஷா ஏரிக்கரை. நைரோபிக்கு வடமேற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர், நம் கேமரன் மலையின் தானா ராத்தாவைவிட உயரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் பூராவும் 12 மணி நேரப் பகல், இரவில் குளிர், பக்கத்திலேயே ஏரித் தண்ணீர். தண்டு நேராக வருவதன் ரகசியம் இதுதான். இன்னொரு காரணம் கைகள். அங்கே பூப்பண்ணைகளில் வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். விடிகாலையில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வெட்டுவது, கொட்டகையில் நின்றபடி நீளம் பார்த்துப் பிரிப்பது, முள் நீக்கிக் கட்டுவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் வேலை. மருந்தடிப்பது பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனால் அடித்த கூடாரத்துக்குள் மறுபடி நுழைந்து இலையைத் தொட்டுப் பூவெட்டுவது பெண்கள். அடித்த பிறகு இத்தனை மணி நேரம் உள்ளே போகக் கூடாது என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பூவுக்கு ஆர்டர் குவியும்போது முதலில் அடிபடுவது அந்தக் கணக்குதான். பூவைச் சாப்பிடுவதில்லை என்பதால் காய்கறிக்கு இருப்பதுபோல் மருந்து எச்சத்துக்கு வரம்பு ஐரோப்பாவில்கூட வெட்டுப்பூவுக்கு வைக்கவில்லை. வெறுங்கையால் நாளெல்லாம் ரோஜா பிரிக்கிற நம் ஊர் அம்மாமார்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை நான் ஒரு ஜோடி ரப்பர் கையுறை கொண்டுபோனேன். பூக்காரம்மா சிரித்துக்கொண்டே வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டார்.

சட்டம் என்று பார்த்தால் கென்யா நமக்கு முந்தியே ஓடியிருக்கிறது. 2007-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி அங்கே பிள்ளைப்பேற்றுக்கு மூன்று மாதம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. நமக்கு 2022 முடியும்வரை 60 நாள்தான், 2023 ஜனவரி 1-இலிருந்துதான் 98. இருபது பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி பாலியல் தொல்லைக்கு எதிராக எழுத்தில் விதி வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த 2007 சட்டத்தில் உண்டு. இங்கே தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் தோட்ட முதலாளிமார் சங்கமான மாப்பாவோடு உட்கார்ந்து சம்பளம் பேசுகிற மாதிரி, அங்கேயும் தோட்ட, விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று முதலாளிமார் சங்கத்தோடு ஒப்பந்தம் போடுகிறது. இதெல்லாம் நிரந்தர ஆளுக்கு. சில மாத ஒப்பந்தத்தில் இருக்கிற பெண்ணுக்கு வயிறு தெரிந்தால் விடுப்பு மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும், சட்டத்தை மீறின மாதிரியும் இருக்காது. யாரைப் புதுப்பிப்பது, யாரை எந்த வரிசைக்கு அனுப்புவது, யாருக்கு ஓவர்டைம் கொடுப்பது எல்லாம் மேற்பார்வையாளன் கையில். அந்த ஆள் பெரும்பாலும் ஆண். அவன் கேட்பதற்கு இசையாத பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நம் பாட்டிமார்கள் கங்காணி கதையை எதற்குக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்? சில பண்ணைகளில் இப்போது பெண்களே புகார் கேட்கிற குழுக்கள் இருக்கின்றன. எல்லாப் பண்ணையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டக் கூடாது. அதனால்தான் பண்ணைப் பெயர் வேண்டும் என்கிறேன்.

பெயர் இல்லாவிட்டால் நாடுகூட மாறிப்போகும். கென்யா என்று பில் போட்டு எனக்கு வந்த கட்டு ஒன்றில் உறையைப் புரட்டினால் எத்தியோப்பியா என்று அச்சடித்திருந்தது. பூவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பூ. ஆனால் கென்யாவில் விவசாயக் கூலிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்றாவது இருக்கிறது, நகரத்துக்கு உள்ளதைவிட அது குறைவு என்றாலும். எத்தியோப்பியாவில் தனியார் துறைக்கு, நான் அறிந்தவரை, அப்படி ஒரு தொகையே நிர்ணயிக்கவில்லை. தம்பியிடம் காட்டினேன். "ரெண்டும் ஆப்பிரிக்காதானக்கா" என்றார். நம் தோட்டத்து ரப்பரை யாராவது "ஆசியா ரப்பர்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வாரா? பதிலுக்கு நான் ரெண்டு நட்சத்திரம் போட்டது இந்த இடத்தில்தான்.

ஃபேர்டிரேட் என்ற நியாய வணிக முத்திரை போட்ட கட்டு இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்த்தேன். கேள்விப்பட்டதில்லை என்றார், தவுக்கேயும் கொண்டுவருவதில்லையாம். அந்த முத்திரை இருந்தால் பூ விலைக்கு மேல் ஒரு தொகை தனியாகப் போகும், அதை எதற்குச் செலவழிப்பது என்று தொழிலாளர்களே உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அது சம்பளத்துக்கு ஈடு இல்லை. வெறும் முத்திரையை நம்பி நிம்மதியாகத் தூங்குகிற ஆளும் நான் இல்லை. ஆனாலும் முத்திரை போட்ட பெட்டியில் பண்ணையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கும், கேள்வி கேட்க ஒரு விலாசம் இருக்கும். கட்டுக்கு ஐந்து வெள்ளி கூடினாலும் பெண் வீட்டாரிடம் சொல்லி வாங்கிக்கொள்வேன். மணமேடைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் அதற்குச் சுணங்க மாட்டார்கள்.

தம்பியைப் பாராட்டவும் ஒன்று இருக்கிறது. நான் நச்சரித்த நச்சரிப்பில் இப்போது உறையைக் கழற்றாமல் அப்படியே குளிர்பெட்டியில் வைக்கிறார். பண்ணைப் பெயர் அச்சடித்த உறை வந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். தவுக்கேயிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதே கட்டு 130 வெள்ளி, அதுவும் மொட்டு சின்னது. நைவாஷாவில் அதற்கு முந்தைய வாரங்களில்தான் பெண்கள் இருட்டும்வரை நின்று கட்டுகிறார்கள். விலை இரட்டிப்பானதற்கு அவர்கள் பொறுப்பில்லை, அந்தக் காசு அவர்களுக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் ஐரோப்பியச் சந்தை படுத்தபோது பூவைக் குப்பையில் கொட்டிவிட்டு ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். லாபம் வந்தால் மேலே போகிறது, நட்டம் மட்டும் நேராகக் கீழே இறங்குகிறது.

சரக்கு செவ்வாயும் வெள்ளியும் வருகிறது, பத்து மணிக்கு மேல் போனால் லோரி இறக்கி முடித்திருப்பார்கள். பெரிய ஆர்டர் என்றால் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி, பாதி முன்பணம் கட்டிவிடுங்கள். ரொக்கமும் டச் என் கோ இ-வாலட்டும் எடுக்கிறார்கள், கார்டு கிடையாது. காரைப் பாசார் பக்கம் விட்டுவிட்டு நடப்பது நல்லது, கடை முன்னால் நிறுத்தினால் சம்மன் நிச்சயம். வாங்கும்போது பண்ணைப் பெயரை நீங்களும் கேளுங்கள். நான் ஒருத்தி கேட்டால் தவுக்கேக்கு அது தொல்லை, பத்துப் பேர் கேட்டால் ஆர்டர்.