காற்றும் தண்ணியும் சண்டை பிடிக்கிற மிசின் கடை

தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்துகிற இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தையில் இறங்கி, "நேவியும் எயார் போஸும் இருக்கிற மிசின் கடை எது" என்று கேட்டால் மரக்கறி விற்கிற அம்மாவே கையைக் காட்டிவிடுவார். தகரக் கொட்டில், வாசலில் ஒரு வேம்பு, உள்ளே எண்பதை எட்டப்போகிற இரண்டு ஐயாமார். ஒருவர் ரோயல் சிலோன் நேவியில் கப்பல் இஞ்சின் அறையில் வெந்தவர், மற்றவர் ரோயல் சிலோன் எயார் போஸில் விமான இஞ்சின் பார்த்தவர். 1972-இல் நாடு குடியரசாகி அந்த 'ரோயல்' கழன்று விழுவதற்கு முன்னமே இருவரும் சேர்ந்துவிட்டார்கள், 1983-க்கு முன்னமே வெளியே வந்தும்விட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கத்தைப் பெடியளுக்கு அதுவும் ஓர் அரசாங்க உத்தியோகம். 1960 முதல் 1970 வரை நேவிக்குத் தளபதியாக இருந்தவரே தமிழரான ராஜன் கதிர்காமர்தான். பிறகு நடந்ததைப் பற்றிக் கடையில் பேச்சு எழுவதில்லை, நானும் கேட்கவில்லை.

என்னுடையது இரண்டு இஞ்சி மண்ணெண்ணெய் மிசின். நன்றாக ஓடும், ஐந்து நிமிடம் தண்ணீர் தரும், அப்புறம் வெறும் சத்தம்தான். வெங்காயம் நட்டு இருபது நாள், வெயிலோ கொளுத்துகிறது. முதலில் கொண்டுபோன வேறொரு கடையில் இஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும் என்று பதினெட்டாயிரம் ரூபா கேட்டார்கள்.

இங்கே இறக்கி வைத்து ஸ்டார்ட் பண்ணியதுமே தொடங்கிவிட்டது. எயார் போஸ் ஐயா கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் சத்தத்தைக் கேட்டார்.

"இஞ்சின்ல ஒரு பிழையும் இல்லைத் தம்பி. தண்ணிப் பக்கம்தான் பிழை. தண்ணி உவரின்ர டிப்பார்ட்மென்ட்."

"தண்ணி ஒரு நாளும் பிழை விடாது," என்றார் நேவி ஐயா. "எங்கையோ காத்துப் பூருது. காத்து ஆற்ற சாமான் எண்டு ஊருக்கே தெரியும்."

பிறகுதான் எனக்கு விளக்கினார்: மிசின் தண்ணீரைப் பிடித்து இழுப்பதில்லை, வெளிக்காற்றின் அழுத்தம்தான் கிணற்றுத் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது, அதனால் இருபத்தைந்து அடிக்குக் கீழே நீர்மட்டம் போனால் எந்தக் கொம்பன் மிசினும் திணறும், அதற்குள் ஊசித் துளையால் காற்று நுழைந்தாலும் கதை முடிந்தது. ஓஸின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, வாசல் தொட்டிக்குள் அமிழ்த்தினார்கள். கிளிப் போட்ட இடத்துக்குக் கீழே, ஒரு சாண் தூரத்தில், முத்து முத்தாகக் குமிழி வந்தது. பம்ப் அடித்தவர் எயார் போஸ், தொட்டிக்குள் கைவிட்டுத் தடவிப் பிடித்தவர் நேவி. கண்டுபிடித்தது யார் என்று இன்றுவரை தீரவில்லை.

வெடித்த துண்டை வெட்டி, ஓஸை மறுபடி பூட்டி, புதுக் கிளிப் இறுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாதான். வெங்காயம் தப்பியது.

காத்திருக்கிற வாங்கில் இருந்தால் பொழுதுபோக்கு இலவசம். பிரித்தானிய வழக்கில் கடற்படைதான் மூத்த படை என்பதால் நேவி ஐயா தன்னை அண்ணன் என்பார். "நீங்கள் 1950 டிசம்பர் 9, நாங்கள் 1951 மார்ச் 2. மூண்டு மாசம்கூட நிரம்பேல்லை, உதுக்கு அண்ணன் எண்டு கூப்பிட வேணுமோ?" என்று மற்றவர் கேட்பார். "தொண்டர் கடற்படைக்கு 1937-லயே சட்டம் வந்திட்டுது" என்று பதில் வரும். அன்றைக்கு ஆமியில் இருந்த ஒரு பெரியவரும் மிசினோடு வந்திருந்தார். "நாங்கள் 1949 ஒக்டோபர் 10. தொண்டர் படைக் கணக்கெண்டால் 1881" என்று அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், இரண்டு பேரும் ஒரே குரலில், "நடந்து திரியிற ஆக்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்றார்கள். சிரிப்பில் எனக்குத் தேநீர் புரைக்கேறிவிட்டது.

ஆனால் இந்தக் கடையை நான் நம்புவதற்குக் காரணம் வேறு. இரண்டாம் தரம் போனபோது எயார் போஸ் ஐயா கண் ஒப்பரேசனுக்குப் போயிருந்தார். கார்பரேற்றரைக் கொஞ்சம் சரிபண்ணித் தரும்படி நேவி ஐயாவைக் கேட்டேன். கையே வைக்கவில்லை. "அது அவற்ற கைவேலை. அவர் வந்து பாக்கட்டும்." பக்கத்தில் நின்ற ஒருவர், "கண் தெரியாத மனிசன் இனி என்ன பாக்கப்போறார்" என்று சிரிக்க, அந்த ஆளின் மிசினை அப்படியே தூக்கி வாசலில் வைத்துவிட்டார். நேவி ஐயா இல்லாத நேரம் மற்றவரும் இப்படித்தானாம், அவருடைய கயிறுகள் தொங்கும் ஆணியில் எவரையும் தொட விடமாட்டாராம்.

சுவரில் ஒவ்வொரு ஸ்பானர் சாவியின் உருவமும் பெயின்ரால் வரைந்திருக்கிறது. கடை பூட்டுமுன் எந்த உருவமும் வெறுமையாக இருக்கக்கூடாது. விமானத்துக்குள் சாவியை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பழகிய கை. நேவி ஐயா என் மிசினை மோட்டார் சைக்கிள் கரியரில் கட்டிய கட்டு, பள்ளம் திட்டியெல்லாம் தாண்டி வீடுவரை அசையவில்லை. ஒரு நுனியை இழுத்தேன், அவிழ்ந்துவிட்டது.

குறையும் சொல்லவேண்டும். கெதியாக வேலை முடியாது. நான் போன காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது ஒன்றரைக்குத்தான் முடிந்தது, அதில் ஒரு மணித்தியாலம் வாக்குவாதம். தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். காசு மட்டும்தான், பற்றுச்சீட்டுக் கேட்டால் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தருவார்கள். புதிதாக வருகிற மின் பலகை வைத்த மிசின் என்றால் வேறு இடம் பாருங்கள், அதைத் தொடமாட்டோம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மார்ச் 2-லும் டிசம்பர் 9-லும் போகாதீர்கள். முதலாவது நாளில் நேவி ஐயாவின் செலவில் வடை, மற்ற நாளில் எயார் போஸ் ஐயாவின் செலவில். வேலை ஒன்றும் நடக்காது. வடை நல்ல வடை.