சுங்கை சிப்புட் தீவனக் கடை: பந்தயக் குதிரைக்கு வாங்கலாமா?

ஓட்ஸ் அருமை; தூசியோ பூஞ்சை வாடையோ இல்லை. மூட்டையின் பேட்ச் எண்ணைக் கேட்டால் ரசீதிலேயே எழுதித் தருகிறார்கள். ஈப்போ லாயங்களுக்கு வாங்குபவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் சில்லறையாக அள்ளித் தருவதை வாங்காதீர்கள். கொக்கோ ஓடு கலந்த மாட்டுத் தீவனத்தை அள்ளும் கரண்டியையே ஓட்ஸுக்கும் போடுகிறார்கள். கொக்கோவில் தியோபுரோமின் என்ற ஊக்கப்பொருள் உண்டு. குதிரையின் சிறுநீரில் அது மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டினால் அனைத்துலகக் குதிரைப் பந்தய விதிப்படி மீறல். தீவனத்தில் தெரியாமல் கலந்தது என்றாலும் குதிரை வெற்றியை இழக்கும். பயிற்சியாளர்தான் பதில் சொல்ல வேண்டும், அபராதமோ தடையோ அவருக்குத்தான்.

தைத்த மூட்டையாகவே எடுங்கள். ஒவ்வொன்றிலும் அரைக் கிலோவை உறையிட்டு, தேதியும் பேட்ச் எண்ணும் எழுதி வையுங்கள். சிறுநீர்ச் சோதனையில் தியோபுரோமின் அளவு மீறி, பி மாதிரியும் (மறுசோதனைக்கு என்று ஒதுக்கி வைத்த அதே சிறுநீரின் இரண்டாம் பகுதி) அதையே உறுதிப்படுத்தினால், விசாரணையில் காட்ட அந்த உறை வேண்டும். விலை நியாயம்தான்.