ஆங்கரேஜா, ஃபேர்பேங்க்ஸா?

அலாஸ்காவுக்கு டிக்கெட் பார்க்கும்போதே இந்தக் குழப்பம் வந்துவிடும். கடலோர ஆங்கரேஜில் இறங்குவதா, உள்ளே தள்ளியிருக்கும் ஃபேர்பேங்க்ஸிலா? நடுவே 580 கிலோமீட்டர். ரயிலில் 12 மணி நேரம். ஒரு வார லீவில் இரண்டையும் ஓட்டமாய்ப் பார்ப்பதைவிட ஒன்றில் தங்குவது மேல்.

மலையும் காடும்தான் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆங்கரேஜ். 1915 வாக்கில் ரயில்பாதை போட வந்தவர்களின் கூடார முகாமாகத் தொடங்கிய ஊரில் இன்று மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஜனம். ஆனாலும் ஊர் முடிகிற இடத்திலேயே சுகாச் மலைகள் நிற்கின்றன. நகர மையத்தை ஒட்டி ஓடும் ஷிப் க்ரீக்கில் நீளமான ரப்பர் பூட்ஸோடு இறங்கி நின்று சால்மன் பிடிக்கிறார்கள். மூஸ் மான் தோட்டத்துச் செடியை மேய்ந்துவிட்டுப் போகும். ஃபேர்பேங்க்ஸைச் சுற்றிலும் தாழ்ந்த குன்றுகள்தான். டெனாலி தேசியப் பூங்கா மட்டும் அங்கிருந்து கிட்டே, காரில் இரண்டு மணி நேரம். ஆங்கரேஜிலிருந்து அதைப்போல் இருமடங்கு.

பூர்வகுடிப் பண்பாடு என்று வந்தால் முடிவு சுலபமில்லை. ஆங்கரேஜில் 1999-ல் திறந்த அலாஸ்கா பூர்வகுடி மரபு மையத்தில், சிறு ஏரியைச் சுற்றி ஆறு மரபு வீடுகள் இருக்கின்றன. வடகோடி மக்களின் மண்மூடிய வீட்டில் நுழைவழி தரையைவிடத் தாழ்வாக இருக்கும். கனத்த குளிர்காற்று மேலேறாமல் அங்கேயே தங்கிவிடும். அருமையான இடம், ஆனால் நமக்காக அடுக்கிவைத்தது. அதுவும் கோடையில்தான் முழுமையாக இயங்கும்.

ஃபேர்பேங்க்ஸில் 1961-ல் தொடங்கிய உலக எஸ்கிமோ-இந்தியன் ஒலிம்பிக்ஸ், அதாவது அலாஸ்கா பூர்வகுடிகளின் விளையாட்டுப் போட்டி, அப்படியல்ல. (‘எஸ்கிமோ’ என்ற சொல்லைப் பலர் இப்போது விரும்புவதில்லை, போட்டியின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) காதிழுப்பில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, மெழுகு தடவிய ஒரே நூலைக் காதில் மாட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். நூல் கழன்றாலோ வலி தாங்காமல் விட்டாலோ தோல்வி. உறைபனியில் காது படும் வேதனையைத் தாங்கப் பழகுவதாம். அவர்கள் தங்களுக்காக ஆடுவதை நாம் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறோம். ஜூலையில் போகிறவர்களுக்கு, இதற்காகவே ஃபேர்பேங்க்ஸ் என்பேன். பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். தேதியும் இடமும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

துருவ ஒளிக்கும் ஃபேர்பேங்க்ஸ்தான், ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. ஆங்கரேஜில் கடல்மேகம் அடிக்கடி வானத்தை மூடிவிடும். ஆனால் ஃபேர்பேங்க்ஸில் ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் 40 வரைகூட இறங்கும். வாடகை காரின் முன்பக்கம் ஒரு ஒயர் தொங்கினால் அதை மின்சார கார் என்று நினைக்க வேண்டாம்; இரவில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்க பிளக்கில் மாட்டுவது.