காலணாவுக்கு மூன்று லட்சம்! நானும் நம்பினேன்

அப்பத்தாவின் சுருக்குப்பையில் வெற்றிலைச் சருகோடு ஒரு செப்புக்காசு கிடந்தது. ஒரு பக்கம் கொடி பிடித்த இரண்டு சிங்கங்கள், 1835 என்று ஆண்டு. மறுபக்கம் இலை வளையத்துக்குள் 'ஒன் குவார்ட்டர் அணா', சுற்றிலும் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி'. அதாவது காலணா.

'இந்தக் காசு இருந்தால் நீங்கள் லட்சாதிபதி' என்று ஒரு யூடியூப் வீடியோ பார்த்து, அதில் இருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அழைப்பு. மூன்று லட்சமாம்! "எழுத்து சரியா தெரியல சார், நல்லா கழுவிட்டு இன்னொரு படம் போடுங்க" என்றான். குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. அதை நினைத்தால்தான் பணம் போனதைவிட வயிறு எரிகிறது.

அப்புறம் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட 'சான்றிதழ்' வந்தது. பதிவுக் கட்டணம் 1,150. மறுநாள் ஜிஎஸ்டி 4,800. இரண்டையும் கட்டினேன். மூன்றாவதாக, லண்டனில் வாங்குபவருக்கு அனுப்ப இன்சூரன்ஸ் 9,500 என்றதும்தான் உறைத்தது. பழைய காசு வாங்க விற்க நாங்கள் கட்டணமோ கமிஷனோ கேட்பதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்; தனி ஆள் நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. இதையெல்லாம் பணம் கட்டிய பிறகு படித்தேன்.

மனசு ஆறாமல் காசை ஒரு நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப்போனேன். கடை போட்டிருந்த பெரியவர் தராசில் வைத்தார், 6.4 கிராம் சொச்சம். காந்தத்தை அருகில் கொண்டுபோனார், ஒட்டவில்லை. "அசல்தான் தம்பி. ஆனா கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்னு மூணு நாணயச் சாலையிலயும் அடிச்சுத் தள்ளின காசு. ரூபாய்க்கு 64 காலணா. உப்பு மிளகாய் வாங்கின சில்லறை. வருஷம் பழசுன்னா விலை ஏறிடுமா? எத்தனை அடிச்சான், எத்தனை மிச்சம், தேய்மானம் எவ்வளவு, அதைத்தான் பார்ப்போம்" என்றார். புளி போடாமல் பழுப்பு நிறத்தோடு இருந்திருந்தால் 150 ரூபாய் தந்திருப்பாராம். இப்போது 40.

ராமர், அனுமார் உருவத்தோடு 1818 என்று போட்ட ஒரு 'கம்பெனிக் காசையும்' காட்டினார். கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லையாம். 'அரிசியை இழுக்கும் இரிடியம்' என்ற அபூர்வ உலோகம் என்று லட்சக்கணக்கில் கைமாற்றப் பார்ப்பதும் இந்த மாதிரிக் காசுகளைத்தானாம். அரிசியில் இரும்புத்தூளைத் தடவி, காந்தத்தை ஒளித்து வைத்தால் எதுவும் இழுக்கும்.

பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு. நான் வெட்கப்பட்டுக்கொண்டு நான்கு நாள் கழித்துச் சொன்னேன். அதற்குள் கணக்கைத் துடைத்துவிட்டார்கள்.