மருந்துவாழ் மலை இருட்டுக்கு பெட்ஸ்ல் டிக்கினா ஹெட் டார்ச்

கன்னியாகுமரிக் கடற்கரைக் கூட்டத்தில் எக்கி எக்கி சூரிய உதயம் பார்த்தவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அடுத்த முறை பொத்தையடி பக்கம் போய் மருந்துவாழ் மலை ஏறுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடம். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று ஊரில் சொல்வார்கள், கேரளத்துத் துறவி நாராயண குரு தவம் இருந்த குகையும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் தை மாதத்தில் சூரியன் வருவதே ஆறே முக்காலை ஒட்டித்தான் என்பதால், உச்சியில் நின்று பார்க்க வேண்டுமானால் கும்மிருட்டில் ஏறத் தொடங்கிவிட வேண்டும். கீழே படிக்கட்டு, போகப் போக பாறை. ஒருமுறை செல்போன் வெளிச்சத்தில் ஏறி முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். பாறையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அதற்கப்புறம்தான் நெற்றியில் மாட்டிக்கொள்கிற இந்த டிக்கினா டார்ச்சை வாங்கினேன்.

பெட்ஸ்ல் பிரான்ஸ் கம்பெனி. அதைத் தொடங்கிய பெர்னான்ட் பெட்ஸ்ல் குகைகளுக்குள் இறங்கியே வாழ்ந்த மனிதர், அந்த அனுபவம் இந்தச் சின்னப் பொருளில் தெரிகிறது. ஒரே ஒரு பட்டன், மூன்று அளவு வெளிச்சம். நெற்றிப் பட்டையைக் கழற்றித் துவைக்கலாம், நம் ஊர் வியர்வைக்கு இது பெரிய விஷயம். ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன பேட்டரி மூன்று போதும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சார்ஜ் செய்கிற பேட்டரிதான் வேண்டும் என்றால் அதே கம்பெனியின் 'கோர்' தனியாக விற்கிறது, அதற்கு விலை கூடுதல். ஐபிஎக்ஸ்4 தரம், அதாவது தூறலில் நனைந்தால் பயமில்லை, தண்ணீரில் முக்கக் கூடாது.

புது மாடலில் 300 லூமன் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்காதீர்கள். எனக்கு இதில் பிடித்ததே மிகக் குறைந்த வெளிச்சம்தான். முழு வெளிச்சத்தில் ஏறினால் அந்த வட்டத்துக்கு வெளியே எல்லாமே கறுப்பு, நிமிர்ந்தால் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது, கண் பழக எத்தனையோ நிமிடம் ஆகும். குறைந்த வெளிச்சத்தில் தலையை லேசாகச் சாய்த்துவைத்தால் அடுத்த காலடி தெரிகிறது, கூடவே கீழே தென்னந்தோப்பின் இருட்டும் தூரத்துக் கன்னியாகுமரி விளக்குகளும் தெரிகின்றன. சூரியன் வருவதற்கு அரை மணி முன்பே கிழக்கு வெளுக்க ஆரம்பித்துவிடும். டார்ச்சை அணைத்துவிட்டு, கடல் எது வானம் எது என்று மெல்லப் பிரிந்துவருவதைப் பார்க்கிற அந்த நேரத்துக்காகத்தான் நான் ஏறுகிறேன். மார்கழியிலும் தையிலும் சூரியன் தென்கிழக்கே கடலிலிருந்தே எழும், பார்க்கக் கண் போதாது.

இதில் சிவப்பு வெளிச்சம் கிடையாது. கூட்டமாகப் போய் உச்சியில் உட்கார்ந்திருக்கும்போது அடுத்தவர் கண் கூசாமல் இருக்க அது உதவும், வேண்டுமென்றால் அதே கம்பெனியின் டிக்கா மாடலைப் பாருங்கள். தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு டிக்கினாவே போதும்.

முந்தின நாளே பொத்தையடியில் விசாரித்து, வழி தெரிந்த ஒருவரோடு போங்கள். அஸ்தமனம் பார்க்கப் போகிறவர்களுக்கு டார்ச் இன்னும் அவசியம், ஏறும்போது வெளிச்சம் இருப்பதால் அதன் நினைவே வராது, ஆனால் இறங்குவது முழுக்க இருட்டில். பைக்குள் அடியில் போட்டுவிட்டு அப்புறம் தேடாமல், ஏறும்போதே கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.